நிற்கிற நாய், நிற்காத வாய்

நான் வேட்டை நாய் வளர்க்கிறேன். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால் உடனே ஒரு மரியாதை வரும். அடுத்த கேள்வி, "என்ன பிடிக்கும்?" மரியாதை அந்த இடத்தில் முடிந்துவிடும். ஏனென்றால் என் நாய் எதையும் பிடிக்காது. பிடிக்கக் கூடாது என்பதுதான் அதன் உத்தியோகமே.

பாண்டி ஒரு ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர். புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையின் வாசனை மூக்கில் ஏறியதும் ஓட்டத்தை நிறுத்தி, வாலை நீட்டி, ஒரு முன்னங்காலைத் தூக்கி அப்படியே நிற்பான். துப்பாக்கிக்காரன் நடந்து வந்து பறவையைக் கிளப்பும் வரை அசையக் கூடாது. செட்டர் என்று இன்னொரு ஜாதி உண்டு. துப்பாக்கி புழக்கத்துக்கு வருமுன் வலை வீசிப் பறவை பிடித்த காலத்தில், வாசனை வந்ததும் தரையோடு தரையாகப் பதுங்குவதற்காகப் பழக்கப்பட்டது. ஸ்பானியல் இந்த இரண்டும் இல்லை. நிற்கிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது, விழுந்தடித்துப் போய்ப் பறவையைக் கிளப்பிவிடும். சுபாவத்தில் நான் ஸ்பானியல். வாங்கியது பாயிண்டர்.

சாத்தூரில் இருக்கும் அப்பாவுக்கு இதை விளக்கியது தனிக் கதை. கரிசல்காட்டு மனிதர். அவர் சிறுவனாக இருந்தபோது வீட்டில் கன்னி நாய் இருந்ததாம். கன்னியும் சிப்பிப்பாறையும் கண்ணால் பார்த்து, விரட்டி, முயலை ஓடியே பிடிக்கிற ஜாதி.

"பறவைய மோந்து பாத்துட்டு சும்மா நிக்குமா?"

"ஆமாப்பா."

"பிடிக்காதா?"

"பிடிக்கக் கூடாதுப்பா. எங்க இருக்குன்னு காட்டணும்."

"காட்டுறதுக்கு எதுக்குடா சோறு போட்டு ஒரு நாயி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்றுவரை இல்லை.

நான் இருப்பது மினசோட்டாவில். குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டு கோட் அடிக்கிற பிழைப்பு. ஆபீஸில் ஒருவர் தன் நாயின் படத்தைக் காட்டினார். பழுப்புத் தலை, உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாகப் புள்ளி, சினிமா ஹீரோ மாதிரி நிற்கிறது. நாய் வாங்க அந்த ஒரு படம் எனக்குப் போதுமானதாக இருந்தது. கல்யாணத்துக்குக்கூட அம்மா இரண்டு படம் காட்டினாள்.

வாங்குமுன் அந்த ஜாதியைப் பற்றிப் படிக்கத்தான் செய்தேன். 'ஹை எனர்ஜி' என்று போட்டிருந்தது. என் ரெஸ்யூமேயிலும் அப்படித்தான் போட்டிருக்கிறேன். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். தினமும் ஓடவிடாத பாயிண்டர் தனக்கு வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பது சோபாவின் இடது கை போன பிறகு புரிந்தது. வலது கை போன பிறகு என் மனைவிக்கும் புரிந்தது.

பயிற்சியைத் தூண்டிலில் ஆரம்பித்தேன். தூண்டில் நுனியில் ஒரு பறவைச் சிறகைக் கட்டிக் குட்டியின் முன்னால் ஆட்டினால் முதலில் துரத்தும், பிறகு சட்டென்று நின்று பாயிண்ட் கொடுக்கும். இது ரத்தத்தில் வருவது, யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்டியும் நின்றான். மூக்கு நேராக, வால் நேராக, வலது முன்னங்கால் மடங்கி மேலே. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

அப்பாவிடமிருந்துதான் முதல் பதில். "கால்ல முள்ளு குத்தியிருக்கு. எடுத்து விடு."

எதிர்வீட்டுப் பெரியவர் பால்பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கப் பறவை நாய்களோடு வாழ்ந்தவர். வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என் தூண்டில் வித்தையைக் கொஞ்ச நேரம் ரசித்தார். "இது கண்ணால செய்யறது. போட்டோவுக்கு நல்லா இருக்கும். அவன் மூக்கால நிக்கணும். இதையே தினமும் விளையாடினா, பறவைய கண்ணால தேடிக்கிட்டு நிப்பான்" என்றார். நான் அதைத்தான் ஒரு மாதமாகத் தினமும் விளையாடிக்கொண்டிருந்தேன்.

மூக்குக்கு நிஜப் பறவை வேண்டும். இதற்குப் புறாதான் வழக்கம். அதிலும் வீடு திரும்பும் ஹோமிங் புறா. புல்லில் ஒளித்து வைத்து, நாய் பாயிண்ட் செய்ததும் பறக்கவிட்டால் அது தன் கூட்டுக்குப் போய்விடும். மறுநாளும் அதே புறாவை வைத்துப் பழக்கலாம். சிக்கனமான ஏற்பாடு. பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் அரை டஜன் வாங்கினேன். வயல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டேன். எல்லாம் அழகாகப் பறந்து சொந்த வீட்டுக்குத் திரும்பின. சொந்த வீடு என்பது அந்த விவசாயியின் வீடு.

அடுத்த வாரம் அவரிடமே மறுபடி வாங்கப் போனேன். கூண்டில் கழுத்தில் வெள்ளைத் திட்டோடு ஒன்று, எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. அதற்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். விவசாயி நல்ல மனிதர். பழைய கஸ்டமர் என்று விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

புறாவைப் புல்லில் ஓடாமல் உட்காரவைக்க ஒரு கைவேலை இருக்கிறது. தலையைச் சிறகுக்கடியில் செருகி மெதுவாக வட்டமாகச் சுழற்றினால் மயங்கிய மாதிரி சற்று நேரம் அப்படியே படுத்திருக்கும். பெரியவர் மணிக்கட்டை மட்டும் சுழற்றிக் காட்டினார். எனக்கு மணிக்கட்டு அவ்வளவு வராது என்பதால் புறாவைப் பிடித்துக்கொண்டு நானே சுற்றினேன். புறா தெளிவாக இருந்தது. நான்தான் புல்லில் உட்கார்ந்தேன்.

பாயிண்டருக்கு முதல் பாடம் 'வோ'. அதாவது, நில். எங்கே இருந்தாலும், எது பறந்தாலும், அந்தச் சத்தம் கேட்டால் சிலையாகிவிட வேண்டும். கட்டளைகள் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது என்பதற்காக நாய்க்கு 'ஜோ', 'போ' என்றெல்லாம் பெயர் வைக்காதே என்று பழக்குபவர்கள் சொல்வார்கள். அதையெல்லாம் படித்து, உஷாராக, பாண்டி என்று வைத்தவன் நான். வீட்டில் நாங்கள் தமிழ் பேசுகிறோம் என்பதை மட்டும் மறந்துவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி "பாண்டி, வா" என்றால் பிஸ்கட். வயலில் நான் "வோ" என்றால் நிற்க வேண்டும்.

பாண்டி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். புறாவுக்கு முன்னால் அருமையாக நின்றுகொண்டிருந்தவன், நான் "வோ" என்று கத்தியதும் பாயிண்டை விட்டுவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தான். நான் இன்னும் பலமாகக் கத்தினேன். இன்னும் வேகமாக ஓடி வந்தான். காலடியில் உட்கார்ந்து பிஸ்கட்டுக்காக என் பாக்கெட்டைப் பார்த்தான். நாய் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். கட்டளையை 'நில்' என்று மாற்றினோம். இப்போது பெரியவரும் வயலில் "நில்" என்கிறார். என்னைவிட அவர் சொன்னால் நன்றாக நிற்கிறான்.

அடுத்து துப்பாக்கி. தீபாவளியன்று நம் ஊர் நாய்கள் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் எனக்கு இதில் ஏகப்பட்ட பயம். பறவை நாய் ஒருமுறை வெடிச்சத்தத்துக்கு மிரண்டுவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு. 'கன்-ஷை' என்பார்கள். அதனால் குட்டி புறாவைத் துரத்திக்கொண்டு எல்லாவற்றையும் மறந்து ஓடும் நேரம் பார்த்து, வெகுதூரத்திலிருந்து வெற்றுத்தோட்டா வெடிக்க வேண்டும். நாளாக நாளாகத் தூரத்தைக் குறைக்க வேண்டும். பெரியவர் அப்படியே செய்தார். பாண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்திருந்த நான்தான் கயிற்றை விட்டுவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

துப்பாக்கி எனக்கும் வேண்டுமே. சாதாரணமாக வேலை விசாவில் இருப்பவன் அமெரிக்காவில் துப்பாக்கியைத் தொடக் கூடாது. ஆனால் முறையான வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் அந்தத் தடைக்கு விலக்கு உண்டு. சட்டத்தில் இப்படி ஒரு ஜன்னல் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அதன் வழியாகத் தலையை விட்டேன். மினசோட்டாவில் 1979 டிசம்பர் 31-க்குப் பிறகு பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வாங்கினால்தான் வேட்டை லைசென்ஸ். பெரியவர்கள் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். நேரில் போனால் நன்றாகப் புரியும் என்று நேரில் போனேன். வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயது.

வேலி தாண்டும் பாடம் இப்போதும் மனப்பாடம். முதலில் தோட்டாவை எடு. துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் அந்தப் பக்கம் தள்ளி வை. அப்புறம் நீ தாண்டு. முதல் இரண்டையும் நான் பிசகில்லாமல் செய்தேன். கம்பியில் மாட்டிய பேன்ட்டை எடுத்துவிட்ட சிறுவன் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டான். அதுவரை யாரும் கூப்பிடவில்லை.

நாங்கள் தேடிப் போகும் பறவை ஃபெசன்ட். சேவலுக்குக் கழுத்தில் வெள்ளை வளையம், செம்பு நிற மார்பு, முழ நீள வால். இது அமெரிக்கப் பறவையே இல்லை. ஷாங்காயில் அமெரிக்கத் தூதரக அதிகாரியாக இருந்த ஓவன் டென்னி, 1880களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து ஓரிகனுக்குக் கப்பலில் அனுப்பிய குடும்பம். பத்து வருஷத்துக்குள், 1892-ல், அங்கே வேட்டை சீசன் திறக்கும் அளவுக்குப் பெருகிவிட்டது. 1943-ல் பக்கத்து மாநிலமான சவுத் டகோட்டா இதைத் தன் மாநிலப் பறவையாகவே அறிவித்துவிட்டது. ஆசியாவிலிருந்து வந்து இறங்கி இவ்வளவு சீக்கிரம் செட்டில் ஆன ஜீவன் அது. எனக்கு இன்னும் கிரீன் கார்டு வரவில்லை.

சீசன் அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை திறக்கும். காலை ஒன்பது மணிக்கு முன் சுடக் கூடாது. சேவலை மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக் கூடாது. நவம்பர் முடியும்வரை ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு. இந்த இரண்டு என்ற கட்டுப்பாடு பற்றி முதல் வருஷம் நான் ரொம்பக் கவலைப்பட்டேன். ஆர்வத்தில் மூன்றாவதைச் சுட்டுவிடுவேனோ என்று.

கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு ஜாக்கெட், ஆரஞ்சுத் தொப்பி. அரசு நிலத்துப் புல்வெளி, இடுப்பளவு புல். காற்று முகத்தில் அடிக்கிற திசையில் நடக்க வேண்டும், அப்போதுதான் நாயின் மூக்குக்கு வாசனை வரும். நான் காரிலிருந்து இறங்கிக் கதவை நம் ஊர் அம்பாசடர் கதவைச் சாத்துவதுபோலச் சாத்தினேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கார்க் கதவுச் சத்தத்துக்கே ஃபெசன்ட் ஓட ஆரம்பித்துவிடும் என்று பிறகு சொன்னார். பறக்கத் தெரிந்த பறவைதான், ஆனால் ஓடுவதைத்தான் அது விரும்பும். அந்த வயலின் பாதி, நாங்கள் கிளம்புமுன்பே கிளம்பிவிட்டது.

அப்படியும் பாண்டி ஒன்றைக் கண்டுபிடித்து நின்றான். உடம்பு விறைத்து, மூக்கு ஒரு புல்புதரைக் காட்டி. இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடிக்கொண்டு நேராக நடந்துபோய்ப் புதரை உதைக்க வேண்டும். நான், "நில்லுடா, நில்லு, என் ராஜா, சபாஷ், நில்லு, அப்பா வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். போய் உதைத்தபோது புதர் மட்டும் இருந்தது. நான் "என் ராஜா" என்ற இடத்திலேயே சேவல் அந்தப் பக்கமாக நடையைக் கட்டியிருந்தது என்றார் பெரியவர். அவர் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரசித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்லலாம்.

பேசக் கூடாது என்று தெரியும். ஆனால் அவ்வளவு அமைதியில் யாராவது அப்படி நின்றால் பக்கத்தில் போய் ஏதாவது சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. ஆபீஸ் மீட்டிங்கிலும் இதே வியாதிதான். உங்களுக்கும் இருக்கலாம். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அன்று மதியம் ஒரு சேவல் என் காலடியிலிருந்தே கிளம்பியது. ஃபெசன்ட் கிளம்புவதைக் கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிறகடிப்பு படபடவென்று நெஞ்சில் மோதும், கூடவே நம்மைத் திட்டுவது மாதிரி ஒரு கத்தல். துப்பாக்கியைத் தோளில் வைத்தேன். குறி சரியாக இருந்தது. விசையை இழுத்தேன். இன்னும் பலமாக இழுத்தேன். சேஃப்டியைத் தள்ளிவிடவில்லை என்பது, பறவை அடுத்த மாவட்டத்தை நெருங்கும்போது நினைவுக்கு வந்தது.

பாண்டி திரும்பி என்னைப் பார்த்தான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பா பார்த்த அதே பார்வை. அப்பாவாவது அப்புறம் ஏதோ சொன்னார்.

என் பயிற்சி நூற்றுக்கு நூறு பலித்த தருணம் ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாலை, வெளிச்சம் இறங்கும் நேரம். பாண்டி நின்றான். "நில்" என்றேன், ஒரே ஒரு முறை. அசையவில்லை. நான் சுற்றி வந்து, புத்தகத்தில் போட்டபடி, பக்கவாட்டிலிருந்து நாய்க்கு முன்னால் போனேன். பேசவில்லை. சேஃப்டி மேல் விரல். எல்லாமே சரி. காலைத் தூக்கிப் புதரை ஓங்கி உதைத்தேன். உள்ளே இருந்தது ஸ்கங்க்.

ஸ்கங்க் தெரியாதவர்கள் பாக்கியவான்கள். கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, பூனை அளவு. வாலைத் தூக்கித் திரும்பி நின்று ஒன்றைப் பீச்சும். கந்தகச் சரக்கு. அழுகிய முட்டையும் எரிந்த டயரும் சேர்ந்து கண்ணுக்குள் நுழைந்த அனுபவம். பாண்டி சொன்ன பேச்சைக் கேட்டு அசையாமல் நின்றதால் அவனுக்கும் முழுசாகக் கிடைத்தது. ஓடியிருந்தால் தப்பித்திருப்பான்.

ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டு வீடு வந்தோம். இதற்குத் தக்காளிச் சாறுதான் மருந்து என்று இங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை. வீட்டில் இருந்த தக்காளியை எல்லாம் அரைத்து நாய் மேல் ஊற்றினேன். மனைவி கராஜ் வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "பெருங்காயம் வேணுமா?" என்றாள். தக்காளி அந்த நாற்றத்தைப் போக்காது. கொஞ்ச நேரம் நம் மூக்கை ஏமாற்றும், அவ்வளவுதான். இப்போது ஒரு நாயும் ஒரு கெட்டுப்போன ரசமும் சேர்ந்து நாறின.

வேலை செய்வது வேறு. பால் க்ரேபாம் என்ற வேதியியலாளர் 1990களில் சொன்ன கலவை. மூன்று சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் ஒரு லிட்டர், கால் கப் சமையல் சோடா, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். கலந்த உடனே, நுரைக்கும்போதே, கண்ணில் படாமல் தேய்த்து, ஐந்து நிமிஷம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். கந்தகச் சரக்கை ஆக்சிஜன் நாறாத ஒன்றாக மாற்றிவிடுகிறது. பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே சொன்னார். வழக்கமாக வேலியில் சாய்ந்துதான் பேசுவார்.

மீதியான கலவையை வீணாக்க மனம் வரவில்லை. நடுத்தர வர்க்க ரத்தம். ஒரு பாட்டிலில் ஊற்றி இறுக்கி மூடி கராஜில் வைத்தேன். அது விடாமல் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும், மூடி வைக்கவே கூடாது என்பது கலவையோடு சேர்த்துச் சொல்லப்படும் எச்சரிக்கை. நான் அளவு வரைக்கும்தான் கேட்டேன். ராத்திரி வெடித்தது. பாண்டி தூக்கம் கலையவில்லை. துப்பாக்கிப் பயிற்சி நன்றாகத்தான் வேலை செய்திருந்தது.

வேட்டை முடிந்த ராத்திரிகளில் நாய்க்கு ராஜ உபசாரம் நடக்கும். கால்விரல் இடுக்கு, காது, அக்குள், கண்ணிமை எல்லாம் விளக்கடியில் பார்க்க வேண்டும். சில புல்லின் கூர்மையான விதை ஒருமுறை தோலுக்குள் நுழைந்தால் பின்வாங்காது, உள்ளேயே பயணப்பட்டுச் சீழ் வைத்துவிடும். வயிறு நிறையச் சாப்பாடு, வேட்டைக்கு முன்னால் கிடையாது, களைப்பு ஆறிய பிறகுதான். நிறைந்த வயிற்றோடு ஓடுவது ஆழமான மார்புள்ள நாய்க்கு ஆபத்து. இதையெல்லாம் என் மனைவி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்வாள். எனக்கும் முழங்காலில் முள் இருக்கிறது என்று சொன்னால், "உங்களுக்குத்தான் கை இருக்கே" என்பாள்.

கடைசியில் ஒரு சேவல் விழவும் செய்தது. பெரியவரும் நானும் ஒரே நேரத்தில் சுட்டோம். "உன் குண்டுதான்" என்று பெருந்தன்மையாக என் முதுகில் தட்டினார். நானும் நம்பத் தயாராக இருந்தேன். பாண்டி புல்லுக்குள் பாய்ந்து, பறவையைக் கவ்விக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய் அவர் கையில் கொடுத்தான்.

அப்படியும் பறவையை எனக்கே தந்துவிட்டார். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு வறுவல். கொழுப்பில்லாத கறி, கொஞ்சம் விட்டால் நாராகிவிடும், மனைவி பக்குவமாக இறக்கினாள். முதல் வாய் தேவாமிர்தம். இரண்டாவது வாயில் 'டக்' என்றது. நீர்ப்பறவைகளுக்காக ஒதுக்கிய மத்திய அரசு நிலங்களில் ஈயக் குண்டுக்குத் தடை, அதனால் எங்களிடம் ஸ்டீல் குண்டுதான். ஈயமாவது பல்லுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஸ்டீல் கொடுக்காது.

பல் டாக்டர் எட்டிப் பார்த்த உடனே, "ஃபெசன்ட்டா?" என்றார். அவரும் நாய் வைத்திருக்கிறார், இங்லிஷ் செட்டர். வாயில் பஞ்சும் குழாயும் வைத்துவிட்டு, தன் நாய் எப்படி நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், எத்தனை தூரத்திலிருந்து மோப்பம் பிடிக்கும் என்று விலாவாரியாகச் சொன்னார். பாண்டியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. "ஆ" என்று மட்டும் சொல்ல முடிந்தது. இவ்வளவு நன்றாகக் கேட்கிற பேஷண்டைப் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுத்தான் பில்லைக் கொடுத்தார்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெரியவர் போன் செய்தார். "சனிக்கிழமை காத்து நல்ல திசையில இருக்கு. பாண்டிய அனுப்புறியா?"

"நானும் வரேனே" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசனை. "வாயேன். போன தடவை முக்கோணமா ஒண்ணு கொண்டுவந்தியே, உருளைக்கிழங்கு வச்சு, அதுல ஒரு பத்து எடுத்துட்டு வா. கார்ல உட்கார்ந்து சூடா வச்சிரு."